குழந்தையும் கணினியும் — சீமோர் பேப்பர்ட்டின் கல்விச் சிந்தனை: ஒரு மதிப்பீடு

1

ஆரம்பப் பாடசாலையின் வாயிலுக்குப் புதிய கருவியொன்று வந்து சேரும்போதெல்லாம் அதனுடன் பெரியதொரு வாக்குறுதியும் வந்து சேர்வது, கல்வி வரலாற்றிலே திரும்பத் திரும்பக் காணப்படும் தோற்றப்பாடாகும். 1913ஆம் ஆண்டிலே தோமஸ் அல்வா எடிசன், பாடசாலைகளில் நூல்கள் விரைவில் வழக்கொழிந்துவிடும் என்றும், சலனப்படம் பத்தாண்டுகளுக்குள் கல்விமுறை முழுவதையும் மாற்றிவிடும் என்றும் கூறினார். அவருக்குப் பின்னர் வானொலி பற்றியும் அதனையடுத்துத் தொலைக்காட்சி பற்றியும் ஏறத்தாழ இதே கூற்றுக்கள் எழுந்தன. ஐக்கிய அமெரிக்கக் கல்வி வரலாற்றாசிரியரான லாரி கியூபன், 1986இல் வெளியிட்ட 'ஆசிரியர்களும் இயந்திரங்களும்' என்னும் பொருள்பட்ட தலைப்புடைய நூலில் இவ்வரலாற்றின் ஒழுங்கை எடுத்துக் காட்டியுள்ளார். கருவியைப் பற்றிய பேருற்சாகம், அதன் பயனை நிறுவ முயலும் ஆய்வு, வகுப்பறையில் அது அருகியே பயன்படுவதைக் கண்டு ஏற்படும் ஏமாற்றம், ஈற்றில் ஆசிரியர்மீது சுமத்தப்படும் பழி என்றவாறு இவ்வட்டம் சுழன்று வந்துள்ளது.

கணினியும் இவ்வரிசையில் வந்த ஒன்றே. ஆயினும் சலனப்படத்துக்கோ வானொலிக்கோ வாய்க்காத பேறொன்று அதற்கு வாய்த்தது. குழந்தை எவ்வாறு அறிவைப் பெறுகின்றது என்னும் அடிப்படை வினாவிலிருந்து தொடங்கி, அவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதியாக இயந்திரத்தை நோக்கிய சிந்தனையாளர் ஒருவர் அதற்குக் கிடைத்தார். சீமோர் பேப்பர்ட் 1980இல் எழுதி வெளியிட்ட 'மைண்ட்ஸ்ரோம்ஸ்' என்னும் நூல், ஆரம்பக் கல்வியில் இலத்திரனியற் கருவிகளின் இடம் பற்றி எழுதப்பட்டவற்றுள் தலையாயதாகக் கொள்ளத்தக்கது. இந்நூலை அதன் சொந்தக் கூற்றுக்களாலும் அதன் பெயரால் பின்னர் நிகழ்ந்தவற்றாலும் ஒருசேர மதிப்பிடுவது இன்று அவசியமாகின்றது. மடிக்கணினிகளுக்கும் கைக்கணினிகளுக்கும் பெருந்தொகைப் பணத்தை ஒதுக்கும்போது வறிய நாடுகளின் கல்வி அமைச்சுக்கள் சொல்லும் நியாயங்களுட் பல, அறிந்தோ அறியாமலோ, இந்நூலிலிருந்து இரவல் பெற்றவையாகும். அந்நியாயங்கள் பிழைக்குமாயின், இழப்பு அமைச்சுக்களோடு நின்றுவிடுவதில்லை. எழுத்தறியும் பருவத்தில் உள்ள பிள்ளைகளின் மீளப்பெற முடியாத சில ஆண்டுகளும் அதனோடு கழிந்துவிடுகின்றன.

2

பேப்பர்ட் 1928இல் தென்னாபிரிக்காவின் பிரிற்றோறியாவிற் பிறந்தவர். கணிதத்திற் பயிற்சி பெற்றவர். 1958 தொடக்கம் 1963 வரை ஜெனிவாவில் ஜீன் பியாஜேயுடன் இணைந்து பணியாற்றினார். பின்னர் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைத் தம் களமாகக் கொண்டு, 2016இற் காலமாகும் வரை அதனுடன் தொடர்புடையவராக விளங்கினார். குழந்தை வெற்றுப் பாத்திரம் அன்று, தன் அறிவைத் தானே கட்டியெழுப்பும் இயல்புடையது என்னும் பியாஜேயின் கொள்கை அவரது சிந்தனைக்கு அடித்தளமாயிற்று. ஆயின் பியாஜே, குழந்தையின் வளர்ச்சிப் படிகளை ஆராய்வதில் நின்றார். பேப்பர்ட்டோ, அக்கட்டுமானத்துக்குத் தேவையான பொருள்களைச் சூழலும் பண்பாடும் குழந்தைக்கு வழங்குகின்றனவா என வினவினார். சில கருத்துக்கள் பிள்ளைகளுக்குக் கடினமாவது அவற்றின் இயல்பினால் மட்டுமன்று, அவற்றைக் கையால் தொட்டுப் பழகுவதற்குரிய பொருள்கள் சூழலில் இன்மையாலுமாம் என்பது அவர் கருத்து.

இக்கருத்தின் புதுமையை விளங்கிக்கொள்ள, அக்காலத்திற் கணினியை வகுப்பறைக்குக் கொணர முயன்ற ஏனையோரின் நோக்கை அறிதல் வேண்டும். 1950களில் பி. எவ். ஸ்கின்னர் 'கற்பிக்கும் இயந்திரம்' ஒன்றை அமைத்தார். பாடம் சிறு சிறு துணுக்குகளாக்கப்பட்டு, ஒவ்வொரு வினாவுக்கும் சரியான விடை கிடைத்ததும் பிள்ளை அடுத்த படிக்குச் செல்லும் முறை அது. 1960களில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பற்றிக் சப்பீஸ், கணினியின் துணையுடன் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு எண்கணிதப் பயிற்சிகளை வழங்கினார். அலெக்சாந்தருக்கு அரிஸ்டோட்டில் வாய்த்தது போன்று, வருங்காலத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஆசான் ஒருவரைக் கணினி வழங்கும் என 1966இல் அவர் எழுதினார். இன்று செயற்கை நுண்ணறிவின் பெயரால் விடுக்கப்படும் வாக்குறுதிகள் புதியன அல்ல என்பதற்கு இதுவே சான்றாகும்.

இம்முறைகளிற் கணினி பிள்ளையை நெறிப்படுத்துகின்றது. வினாவும் விடையும் இயந்திரத்திடம் உள்ளன. பிள்ளை அவற்றுக்கு இசைந்து நடக்கின்றது. பேப்பர்ட் இவ்வுறவைத் தலைகீழாக்கினார். பிள்ளையே கணினிக்குக் கட்டளை இடுதல் வேண்டும். இயந்திரத்துக்குச் சிந்திக்கக் கற்பிக்கும் முயற்சியில், தான் சிந்திக்கும் முறையைப் பற்றியே பிள்ளை சிந்திக்கத் தொடங்கும் என்பது அவரது துணிபு. கருவியைப் பற்றிய வினாவை அதிகாரத்தைப் பற்றிய வினாவாக மாற்றியமை இந்நூலின் முதற் சிறப்பு எனலாம்.

3

இத்துணிபைச் செயற்படுத்துவதற்கு எழுந்ததே 'லோகோ' என்னும் கணினி மொழி. 1967இல் வோலி பேர்சைக், சிந்தியா சொலமன், டானியல் பொப்ரோ ஆகியோருடன் இணைந்து பேப்பர்ட் அதனை உருவாக்கினார். அம்மொழியின் புகழுக்குக் காரணமானது 'ஆமை' ஆகும். முதலில் அது நிலத்தில் ஊர்ந்து கோடு கீறும் சிறு பொறியாகவும், பின்னர் திரையில் நகரும் முக்கோண வடிவக் குறியாகவும் அமைந்தது. 'முன்னே 50', 'வலம் 90' எனப் பிள்ளை கட்டளையிட, ஆமை ஐம்பது அடி வைத்துத் தொண்ணூறு பாகை திரும்பும். இவ்விரு கட்டளைகளையும் நான்கு முறை கொடுத்தால் ஒரு சதுரம் தோன்றும்.

சதுரத்தை அமைத்த பிள்ளை அடுத்துச் சமபக்க முக்கோணியை அமைக்க முனைகின்றது. அதன் கோணம் ஒவ்வொன்றும் அறுபது பாகை என்பது பாடத்திற் கற்றது. ஆதலின் ஒவ்வொரு முனையிலும் அறுபது பாகை திரும்புமாறு பணிக்கின்றது. மூன்று பக்கங்களும் முடியும்போது திரையில் முக்கோணி இல்லை. அறுகோணியின் பாதியே உள்ளது. இவ்விடத்திற் பேப்பர்ட் பிள்ளைக்குக் கூறும் அறிவுரை மிக எளியது: ஆமையின் இடத்தில் நின்று நடந்து பார்த்தல். எழுந்து நடந்து பார்க்கும் பிள்ளை, தான் திரும்பவேண்டியது முக்கோணியின் உள்ளே உள்ள கோணத்தின் அளவன்று, வெளியே உள்ள கோணத்தின் அளவே எனத் தன் உடலாலேயே உணர்கின்றது. அது நூற்றிருபது பாகை. மூன்று நூற்றிருபதும் நான்கு தொண்ணூறும் முந்நூற்றறுபதாகும் என்பதைக் கண்டதும், எந்தவோர் உருவத்தைச் சுற்றி வந்து தொடங்கிய நிலையை அடையினும் திரும்பிய மொத்த அளவு ஒரு முழுச் சுற்றே என்னும் பொது உண்மை கிட்டுகின்றது. சிறிது நடந்து சிறிது திரும்புதலை இடைவிடாது செய்தால் வட்டம் பிறக்கும். உயர் வகுப்புக் கேத்திரகணிதத்தின் கருத்தொன்று பத்து வயதுப் பிள்ளையின் காலடியில் இவ்வாறு வந்து சேர்கின்றது.

இங்குக் கருத்திற் கொள்ளவேண்டியது பிழைக்கு அளிக்கப்படும் இடமாகும். வழமையான வகுப்பறையிற் பிழை சிவப்பு மையாற் குறுக்கே வெட்டப்படுவது, மறைக்கவேண்டியது, சிலவிடங்களில் தண்டனைக்கும் உரியது. லோகோவிற் பிழை ஆராயப்படவேண்டிய ஒன்றாகின்றது. எங்கே வழுவிற்று, ஏன் வழுவிற்று, அவ்வழுவினால் தோன்றிய உருவம் வேறெதற்கேனும் பயன்படுமா எனப் பிள்ளை வினவுகின்றது. தமிழ் இலக்கண மரபு வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாகப் பகுத்து, வழுவென்று தோன்றுவதும் காரணம் கருதி ஏற்கப்படலாம் எனக் கண்டது. வழுவை இகழாது அதன் காரணத்தை நாடும் அம்மனப்பாங்கு இங்கு நினைவுகூரத்தக்கது. எழுத்துப் பழகும் பருவத்திலேயே 'எனக்குக் கணக்கு வராது' எனத் தன்னைப் பற்றித் தீர்ப்புக் கூறிக்கொள்ளும் பிள்ளைக்கு, பிழையைப் பற்றிய இம்மாற்று நோக்குப் பெருங்கொடையாகும். இந்நூலின் அழியாப் பகுதி இதுவே.

4

இத்துணைச் சிறந்த சிந்தனை விமரிசனத்துக்கு உட்படாதிருக்கவில்லை. 1984இல் நியூயோர்க் பாங்க் ஸ்றீற் கல்விக் கல்லூரியைச் சேர்ந்த ரோய் பீ, மிடியன் கேர்லண்ட் ஆகியோர், லோகோவில் ஓராண்டு பயின்ற பிள்ளைகளையும் பயிலாதோரையும் ஒப்பிட்டனர். வகுப்பறை வேலைகளை எவ்வொழுங்கிற் செய்தால் காலம் மீதமாகும் எனத் திட்டமிடுமாறு இரு சாராரும் கேட்கப்பட்டனர். கணினிக்குக் கட்டளையிடப் பழகியவர்கள் ஏனையோரிலும் திறம்படத் திட்டமிட்டனர் எனக் கொள்ளச் சான்று கிடைக்கவில்லை. ஒரு துறையிற் பெற்ற சிந்தனைப் பயிற்சி தானாகவே வேறொரு துறைக்குச் செல்லும் என்னும் எதிர்பார்ப்பு இதனால் ஆட்டங்கண்டது.

பேப்பர்ட் 1987இல் எழுதிய மறுமொழி கூரியது. மரம் நல்ல வீடுகளைத் தருமா என எவரும் பரிசோதனை நடத்துவதில்லை. தச்சனையும் வரைபடத்தையும் விட்டு மரத்தை மாத்திரம் சோதிப்பது நகைப்புக்குரியது. 'கணினி என்ன விளைவைத் தரும்' என்னும் வினாவும் அத்தகையதே என அவர் வாதிட்டார். கருவியை மையமாக்கி நோக்கும் இக்கோணலைத் தொழினுட்ப மையவாதம் எனக் கண்டித்து, பண்பாடும் மனிதருமே விளைவைத் தீர்மானிக்கின்றனர் என்றார்.

இம்மறுமொழி சரியானதே. ஆயின் அதன் சரித்தன்மை பேப்பர்ட்டுக்கே ஒரு கடமையை விதித்தது. விளைவைத் தீர்மானிப்பவர் தச்சரே ஆயின், அத்தச்சர் யார், அவர் எவ்வாறு உருவாகின்றார் என்னும் வினாக்களுக்கு விடை கூறவேண்டும். 'மைண்ட்ஸ்ரோம்ஸ்' நூலில் ஆசிரியர் வருகின்றார். ஆமையின் இடத்தில் நின்று பார் என அறிவுரை கூறுபவரும், பிழையைக் கண்டு முகஞ்சுளிக்காது உடனிருந்து வியப்பவரும் அவரே. எனினும் அவர் பெயரற்ற நிழலாகவே வந்து செல்கின்றார். அவரின்றி மேலே கண்ட முக்கோணி நிகழ்ச்சி நிகழ்ந்திராது. பாதி அறுகோணியைக் கண்ட பிள்ளை சலிப்புற்று எழுந்து சென்றிருக்கவும் கூடும். 1988இல் டேவிட் கிளார், ஷாரன் காவர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. வழுவைக் கண்டறிந்து நீக்கும் முறையை வெளிப்படையாகக் கற்பித்தபோது, பிள்ளைகள் அத்திறனைக் கணினிக்குப் புறத்தேயுள்ள வேலைகளிலும் பயன்படுத்தினர் என அவ்வாய்வு காட்டியது. அஃதாவது, கருவி திறந்த வாயிலின் ஊடாகப் பிள்ளையை அழைத்துச் செல்வதற்குக் கற்பித்தல் தேவைப்பட்டது. பாடசாலை முறைமைமீது பேப்பர்ட் கொண்ட நியாயமான சீற்றம், அம்முறைமைக்குள் நின்று கற்பிக்கும் மனிதரைத் தெளிவாகக் காணவிடாது அவரைத் தடுத்தது என்றே கூறவேண்டும்.

5

நூலில் நிழலாக இருந்த இக்குறை, கால் நூற்றாண்டின் பின்னர்ப் பாரிய திட்டமொன்றில் உருவெடுத்தது. பேப்பர்ட்டும் அவருடைய சகாவான நிக்கலஸ் நெக்ரொபொன்ரியும் 1982இலேயே செனகல் நாட்டின் டாக்கர் நகர்ப்புறத்திற் பிள்ளைகளுக்குக் கணினிகளை வழங்கிப் பார்த்தனர். 2005 ஜனவரியில் டாவோஸ் நகரிற் கூடிய உலகப் பொருளாதார மன்றத்தில், நூறு டொலர் விலையில் 'பிள்ளைக்கொரு மடிக்கணினி' என்னும் திட்டத்தை நெக்ரொபொன்ரி அறிவித்தார். 2007இறுதியில் உற்பத்தி தொடங்கியபோது அதன் விலை இருநூறு டொலரை அண்மித்திருந்தது. வெயிலிலும் வாசிக்கத்தக்க திரை, குறைந்த மின்னுகர்வு, தூசியைத் தாங்கும் விசைப்பலகை எனப் பொறியியல் நோக்கில் அது மெச்சத்தக்க படைப்பே. லோகோ ஆமையின் வழிவந்த செயலியும் அதில் இடம்பெற்றது. கருவி பிள்ளையின் சொந்தப் பொருளாதல் வேண்டும், இளவயதிலேயே வழங்கப்படல் வேண்டும், ஓரிடத்தில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்தல் வேண்டும் என்பன அத்திட்டத்தின் கோட்பாடுகளுட் சில.

பெரு நாடு எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகளைக் கொள்வனவு செய்தது. அந்நாட்டின் கிராமியப் பகுதிகளில் உள்ள முந்நூறுக்கு மேற்பட்ட ஆரம்பப் பாடசாலைகளில் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான அபிவிருத்தி வங்கியின் ஆய்வாளர்கள் நடத்திய மதிப்பீடு 2012இல் வெளியாயிற்று. ஏறத்தாழப் பதினைந்து மாதப் பயன்பாட்டின் பின்னரும், கணிதத்திலோ மொழியிலோ பெற்ற புள்ளிகளில் வேறுபாடு காணப்படவில்லை. பொதுவான சிந்தனைத் திறனை அளக்கும் சில சோதனைகளிற் சிறிது முன்னேற்றம் தென்பட்டது. ஒவ்வொரு கருவியினுள்ளும் ஏறத்தாழ இருநூறு நூல்கள் இடப்பட்டிருந்தும் பிள்ளைகளின் வாசிப்புப் பழக்கம் மாறவில்லை. பத்தாண்டளவு கழித்து அந்நாட்டிலேயே நடத்தப்பட்ட தொடராய்வும் கல்விப் பேறுகளிற் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை. பரகுவே நாட்டில் நெடுநாள் தங்கி அவதானித்த மோர்கன் ஏம்ஸ், 2019இல் எழுதிய நூலில் வேறொரு கோணத்தைத் தருகின்றார். பெரும்பாலான பிள்ளைகள் அக்கருவியைப் பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் விளையாடவுமே பயன்படுத்தினர். பல கருவிகள் பழுதடைந்து ஒதுக்கப்பட்டன. தாமே செய்நிரல் எழுதப் பழகிய மிகச் சிலருக்கோ, அருகிலிருந்து ஊக்கிய பெற்றோரோ ஆசிரியரோ இருந்தனர். கருவியை ஆக்கியோர் தத்தம் இளமைக் காலத்தைப் பற்றிய இனிய நினைவுகளையே உலகப் பிள்ளைகள் அனைவருக்கும் உரிய பொது விதியாக்கினர் என்பது ஏம்ஸின் குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டு 'மைண்ட்ஸ்ரோம்ஸ்' நூலின் முன்னுரையை மீண்டும் வாசிக்கத் தூண்டுகின்றது. அம்முன்னுரையிற் பேப்பர்ட் தம் குழந்தைப் பருவத்துப் பற்சில்லுகளைப் பற்றி எழுதுகின்றார். மோட்டார் வாகனத்தின் உறுப்புக்களை மழலைப் பருவத்திலேயே பெயர் சொல்லி அறிந்திருந்தார். பற்சில்லுகளைச் சுழற்றி விளையாடினார். பின்னாளிற் சமன்பாடுகளைக் கண்டபோது அச்சில்லுகளே மனக்கண்முன் சுழன்று அவற்றை விளக்கின. ஆயின், இதனைக் கேட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் பற்சில்லுப் பெட்டி வழங்க முனைவோர் கதையின் உட்பொருளைத் தவறவிட்டவராவர் என அவரே எச்சரிக்கின்றார். சில்லுகள் கணிதத்தைக் கற்பிக்கவில்லை; சில்லுகள்மீது தாம் கொண்ட காதலே கற்பித்தது; அக்காதலைப் பெட்டியில் இட்டு அனுப்புதல் இயலாது என்பது அவர் கூற்றின் சாரம். கணினி பல வடிவு கொள்ள வல்லதாதலின் பல இயல்பினரையும் கவரக்கூடும் என்பதே அவர் அதன்மீது வைத்த நம்பிக்கை.

பிள்ளைக்கொரு மடிக்கணினி என்பது, எல்லாப் பிள்ளைகளுக்கும் பற்சில்லுப் பெட்டி வழங்கும் அம்முயற்சியன்றி வேறென்ன? 1980இல் முன்னுரையில் விலக்கியதை, 2005இல் திட்டத்தின் பெயரால் நூலாசிரியரே உடனிருந்து ஆதரித்தார். இம்முரண்பாடு அவரது சிந்தனையின் மையத்திலுள்ள பிளவைக் காட்டுகின்றது. காதல் எவ்வாறு பிறக்கின்றது என்னும் வினாவை எழுப்பியவர், கருவி பரவினால் அது தானே பிறக்கும் என்னும் விடையுடன் அமைதியடைந்தார். பற்சில்லுகளைத் தொடவும் சுழற்றவும் இடமளித்த வீடு, அவற்றைப் பற்றிப் பேசிய பெரியோர், அவற்றைச் சூழ்ந்திருந்த ஓய்வு என்பன கணக்கில் எடுக்கப்படவில்லை. 2012இல் எத்தியோப்பியாவின் இரு கிராமங்களில், ஆசிரியர் எவருமின்றிக் கைக்கணினிகளைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு அவதானிக்கும் பரிசோதனையை அத்திட்டத்தினர் மேற்கொண்டமை இப்போக்கின் எல்லையாகும். ஆசிரியரைப் பெறாத கிராமத்துக்கு ஆசிரியரை அனுப்புவது கடினம். பெட்டியை அனுப்புவது எளிது. எளிதானதே முற்போக்கானது எனத் தோற்றமளிக்கும்போது, வறியோர் பிள்ளைகள் கருவியைப் பெற்று ஆசிரியரை இழப்பர். வசதியுடையோர் பிள்ளைகளோ கருவியையும் ஆசிரியரையும் ஒருங்கே பெறுவர். ஒப்புரவின் பெயரால் ஏற்றத்தாழ்வு வளரும் வழி இதுவாகும்.

6

இவ்வாறு கூறுதல் பேப்பர்ட்டை முற்றாக நிராகரிப்பதாகாது. அவருடைய நூலின் ஈற்றதிகாரத்தில் வேறொரு கற்றற் சமூகம் வருணிக்கப்படுகின்றது. பிரேசிலின் றியோ டி ஜெனீரோ நகரில், ஆண்டுதோறும் நிகழும் களியாட்ட விழாவுக்காக மக்கள் ஆடற் பயிற்சி பெறும் 'சம்பாப் பள்ளி'களே அவை. அங்கே குழந்தையும் முதியவரும், புதியவரும் வல்லுநரும் ஒரே தளத்தில் ஆடுகின்றனர், வல்லுநரும் கற்கின்றனர், கற்பதற்குப் பொதுவான ஒரு நோக்கம் உண்டு. நூலின் மிக உயர்ந்த காட்சி இதுவே. அங்கே கல்வி பெட்டிக்குள் இல்லை, மனிதரிடையே உள்ளது. பேப்பர்ட்டைப் பின்பற்றுவதாகக் கூறியோருட் பலர், அவருடைய ஆமையை எடுத்துக்கொண்டு சம்பாப் பள்ளியை விட்டுச் சென்றனர்.

அதனை விடாது எடுத்துச் செல்ல முயன்றோரும் உளர். கொஸ்ரா றிக்கா நாடு 1988இல், ஒமார் டெங்கோ நிறுவகத்தின் வாயிலாக, ஆரம்பப் பாடசாலைகளில் லோகோவை அறிமுகஞ்செய்தது. அங்கே முதலிடம் பெற்றது ஆசிரியர் பயிற்சியாகும். பிள்ளைகள் கணினி அறைகளிற் கூடியிருந்து, தமக்கென வகுத்துக்கொண்ட செயற்றிட்டங்களைச் செய்தனர். அம்முயற்சி மூன்று தசாப்தங்களுக்கு மேலாக நின்று நிலைத்தது. உருகுவே நாடு 2007 தொடக்கம் 2009 வரையான காலத்தில் அரச ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் அனைவருக்கும் மடிக்கணினி வழங்கியது. அங்கும் தொடக்க காலத்திற் கணிதத்திலோ வாசிப்பிலோ உயர்வு ஏற்பட்டதாக ஆய்வுகள் காட்டவில்லை. எனினும் அந்நாடு அத்தோடு நிற்கவில்லை. ஆங்கில ஆசிரியர் போதாதிருந்த பாடசாலைகளுக்கு, 2012 முதல் நேரடிக் காணொளி வாயிலாகத் தொலைவிலுள்ள ஆங்கில ஆசிரியர் ஒருவரைக் கொணர்ந்தது. வகுப்பாசிரியர் அகற்றப்படவில்லை. ஆங்கிலத்தில் வல்லுநரல்லாத அவர், பிள்ளைகளுடன் தாமும் கற்றவாறு எஞ்சிய பாடவேளைகளை நடத்தினார். ஆசிரியர் கற்பதைப் பிள்ளைகள் காணும் அவ்வகுப்பறையிற் சம்பாப் பள்ளியின் சாயல் உண்டு.

கருவியின் பண்பை அதனைச் சூழ்ந்த ஒழுங்கே தீர்மானிக்கின்றது என்பதற்குத் தமிழ் நிலத்தோடு தொடர்புடைய பழைய சான்றொன்றும் உளது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னையில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றை நடத்திய அன்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அதனுடன் இணைத்தார். மணல் செலவற்றது, பிழையை உடனே அழித்து மீண்டும் எழுத இடந்தருவது. 1797இல் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே 'மதராஸ் முறை' பிரித்தானியாவுக்குச் சென்றது. ஆயின் அங்கு அது, தொழிற்புரட்சிக் காலத்து வறியோர் பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் ஒரே மண்டபத்தில் நிரைப்படுத்தி, சிக்கனமாக ஒப்புவிக்கச் செய்யும் ஏற்பாடாயிற்று. மணல் அதே மணல்தான். மாறியது அதனைச் சூழ்ந்த நோக்கம். ஆமைக்கு நேர்ந்ததும் இதுவே.

7

இலங்கையின் ஆரம்ப வகுப்பறைகளுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. 2020 மார்ச்சிற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கற்பித்தல் தொலைக்காட்சிக்கும் கைத்தொலைபேசிக்கும் மாறிற்று. அலைத்தொடர்பு கிட்டாத ஊர்களிற் பிள்ளைகள் குன்றேறிப் பாடங்களைப் பெற்றனர். கருவி இல்லாத வீடும், ஒரே கருவியை மூவர் பகிர்ந்த வீடும், கருவியும் உதவுவோரும் உள்ள வீடும் ஒரே வகுப்பின் மூன்று வகுப்புக்களாயின. கருவி இருந்த வீடுகளிலுங்கூட, முதலாம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அருகில் ஒருவர் இருந்து விரல் பிடிக்காது எழுத்தைக் கற்கவில்லை. நூற்றுக்கும் குறைந்த பிள்ளைகளைக் கொண்டு, ஓராசிரியர் இரு வகுப்புக்களை ஒருங்கே நடத்தும் சிறு பாடசாலைகள் பல உள்ள இந்நாட்டில், கணினிக்கு நியாயமான பணியொன்று உண்டு. ஆசிரியர் ஒரு வகுப்பினருக்கு வாசிப்புக் கற்பிக்கையில், மற்றைய வகுப்பினர் இருவர் இருவராக அமர்ந்து ஆமையை நடத்தலாம். பாடவேளை முடியுமுன் தம் பிழையை வகுப்பின் முன் வைத்து விளக்கலாம். இதற்குப் பிள்ளைக்கொரு கருவி வேண்டியதில்லை. சில கருவிகளும், அவற்றைத் தாமே பயன்படுத்திப் பார்த்து, பிழைவிட்டுப் பழகிய ஆசிரியரும் வேண்டும்.

இதனோடு மொழி பற்றியும் ஒரு சொல் கூறல் தகும். ஆமையின் வலிமை, பிள்ளை தன் உடலாற் சிந்திப்பதில் உள்ளது. கட்டளை அறியாத மொழியில் அமையுமாயின் அவ்வுடலுறவு அறுந்துபோம். பொருளறியா மந்திரம் ஓதுவது போலாகும். கொஸ்ரா றிக்காவின் பிள்ளைகள் லோகோவைத் தம் மொழியாகிய ஸ்பானியத்திற் பெற்றனர். தமிழ்ச் சொற்களாலேயே செய்நிரல் எழுதத்தக்க 'எழில்' என்னும் மொழியை முத்தையா அண்ணாமலை ஆக்கி, 2009இற் கட்டுரை வாயிலாக அறிமுகஞ்செய்தார். ஆமை வரைதலுக்கும் அதில் இடமுண்டு. இத்தகைய முயற்சிகள் தனியொருவரின் ஆர்வத்தில் தங்கி நில்லாது, ஆரம்பக் கல்விக் கலைத்திட்டத்தோடும் ஆசிரியர் பயிற்சியோடும் இணைதல் வேண்டும். அவ்வாறு இணையாவிடின் அவையும் பெட்டிக்குள் உறங்கும் மற்றொரு நல்லெண்ணமாகவே முடியும்.

2023இல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கல்வியிற் தொழினுட்பம் யாருடைய நியதிகளின்படி இயங்கும் கருவி என்னும் வினாவையே தன் தலைப்பிற் கொண்டிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடந்து வந்தும், வினா பேப்பர்ட் நின்ற இடத்திலேயே நிற்கின்றது: யார் யாருக்குக் கட்டளையிடுவது? பிள்ளையே என்று அவர் கூறிய விடை உயர்ந்தது, முழுமையற்றது. கட்டளையிடும் உரிமையைப் பிள்ளை பெறுவதற்கு, அவ்வுரிமையை மதித்து அருகில் நிற்கும் ஆசிரியர் ஒருவர் வேண்டும். அவரையும் அவர்தம் பயிற்சியையும் காலத்தையும் மாண்பையும் முதலிற் பேணிய நாடுகளிற் கணினிக்குக் கல்வியில் நிலைத்ததோர் இடம் கிடைத்தது. அவரைத் தவிர்க்க எண்ணிய இடங்களில் அது தூசி படிந்தது. பாதி அறுகோணியின் முன் திகைத்து நிற்கும் பிள்ளையை நோக்கி, 'எழுந்து நடந்து பார்' என்று சொல்லும் குரல் இன்னும் ஆசிரியரின் குரலாகவே உள்ளது.